குழாய்த் தண்ணீரில் செத்த ஏழு மீன்கள்

என் அப்பாவின் மீன்கள் அவரைத் தேடிக்கொண்டு போனதாக அத்தை சொல்வது பொய். அவை குழாய்த் தண்ணீரில் செத்தன. ஊற்றியது அத்தைதான். இதைச் சொல்ல இருபது வருடமாக எனக்கு வாய் அரித்துக்கொண்டிருக்கிறது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ஒவ்வொரு வருடமும் அப்பாவின் திவசத்துக்கு அலோர் காஜாவிலிருந்து, மலாக்கா பக்கம் புக்கிட் காத்திலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவார். படையல் முடிந்து, சாப்பாடு முடிந்து, எல்லோரும் ஃபேனுக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்ததும் அந்தக் கதை தொடங்கும். தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அன்று சாயங்காலமே மீன்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டனவாம். வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற பாசம் மனுசனுக்கு இல்லையாம். கேட்கிற பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். முதல் வருடக் கதையில் ஏழு மீன்கள் இருந்தன. பிறகு ஒன்பதாயின. இந்த வருடம் என் மகனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னபோது பதினொன்று ஆகிவிட்டன. செத்த மீன் குட்டி போடுவதை எங்கள் வீட்டில்தான் பார்க்கலாம்.

அப்பா பள்ளி பஸ் ஓட்டினார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியம் திரும்ப ஏற்றப் போகும்வரை கிடைக்கிற நேரமெல்லாம் மீன்களுக்குத்தான். ஹாலில், சாமி படங்களுக்கு எதிர்ச்சுவரில், நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதில் ஏழு தங்கமீன்கள். பெரியதற்கு அப்பா தவுக்கே என்று பெயர் வைத்திருந்தார். தவுக்கே என்றால் எங்கள் ஊரில் முதலாளி. தொந்தியைத் தள்ளிக்கொண்டு, கடையில் எவன் வேலை செய்யாமல் நிற்கிறான் என்று பார்ப்பதுபோல் அது தொட்டியைச் சுற்றி வரும். அப்பா பஸ் சாவியைக் கண்ணாடியில் தட்டினால் மேலே வந்து வாயைத் திறக்கும். நான் தட்டினால் வராது. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அவ்வளவு சுலபமான காரியம் என்பதுதான் என் வயிற்றெரிச்சலே. பின்கட்டில் ஒரு நீலத் தோங் இருந்தது, ஓர் ஆள் உள்ளே உட்காரக்கூடிய பிளாஸ்டிக் பீப்பாய். அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மூடாமல், இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் கிருமி சாக குளோரின் போடுகிறார்கள். நமக்கு ஒன்றும் ஆகாது. மீன் அதே தண்ணீரில் மூச்சு விட வேண்டும், அதற்குச் செவுள் வெந்துபோகும். இரண்டு நாள் திறந்து கிடந்தால் குளோரின் நாற்றத்தோடு போய்விடும். பிறகு ரப்பர் குழாயால் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு பழைய தண்ணீரை உறிஞ்சி வெளியே விட வேண்டும், அடியில் கிடக்கும் கழிவோடு. முழுவதையும் எடுக்கவே கூடாது. மீன் பழகிய தண்ணீர் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். ஃபில்டர் பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலச வேண்டும். தோங் தண்ணீரில் ஒரு கை, தொட்டித் தண்ணீரில் ஒரு கை வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே சூடாக இருந்தால் மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரம் என்றால் அதற்கும் வழி இருந்தது. மீன் கடையில் விற்கும் ஒரு சின்னப் பாட்டில் மருந்து, சில சொட்டு விட்டால் குளோரினை முறித்துவிடும். இவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிந்த விஷயம்.

அப்பா உட்கார வைத்து எனக்குப் பாடம் எடுத்தார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. ரப்பர் குழாயின் மறுமுனையைச் சாக்கடையில் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்த ஆள் நான். அவர் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வார். வாராவாரம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அம்மாவுக்கும் ஆகியிருக்கும், அடுப்படி பக்கத்தில்தான் இருந்தது.

அந்த வாரம் எங்கள் தாமானில், எங்கள் குடியிருப்பு முழுக்க, மூன்று நாள் தண்ணீர் வெட்டு. புதன்கிழமை ராத்திரி குழாய் இருமிக்கொண்டு திரும்ப வந்தது. வியாழக்கிழமை அப்பா தோங்கை நிரப்பிவிட்டு முகர்ந்து பார்த்தார்.

“இந்தத் தடவ குளோரின் அதிகமாவே போட்டிருக்கான்லா. ஞாயித்துக்கிழம வரைக்கும் கெடக்கட்டும்.”

சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலாக்கா டவுனுக்கு ஏதோ வாங்கப் போனார். கடையை விட்டு வெளியே வந்தவர் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். யாரோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அம்மா போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. என்னை யாரும் அழைத்துப் போகவில்லை. அம்மா திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பை இருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் சாமான்களைப் போட்டு, வாயை முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோதும் அந்தப் பையை அவள் கீழே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஹாலில் கிடத்தியிருந்தார்கள், தொட்டிக்கு இரண்டடி தள்ளி. யாரோ மேசை ஃபேன் வைக்க இடம் தேடி, தொட்டியின் பம்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். நான் கூட்டத்துக்குள் புகுந்து வேறு ஓட்டையில் அதைச் சொருகினேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அப்பா இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது தலைக்குள் இறங்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, தோங் தண்ணீர் தயார், நாம்தான் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் மட்டும் தெளிவாக இருந்தது. அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அன்று நின்றுகொண்டிருந்தேன்.

மதியம் ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. வீட்டைக் கழுவ வேண்டும், அது பெண்கள் வேலை. வெள்ளைச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அத்தை எழுந்தார். அத்தைக்குத் தம்பி என்றால் உயிர். தாய் இல்லாத வீட்டில் தூக்கி வளர்த்தவர். எஸ்டேட்டில் எத்தனையோ சாவு வீடுகளைக் கழுவி விட்டவர். யாரிடமும் எதையும் கேட்கிற பழக்கம் அவருக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. அதெல்லாம் தீட்டுத் தண்ணீர், கொட்டிவிட வேண்டும். பானை போயிற்று, குளியலறை வாளி போயிற்று, கெட்டிலில் ஆறிக் கிடந்த வெந்நீர் போயிற்று, ஐஸ் பெட்டியில் இருந்த பாட்டில்கள்கூடப் போயின. அடுத்து நீலத் தோங். நான் ஓடிப்போய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இது மீனுக்கு வைத்த தண்ணீர், அப்பா வியாழக்கிழமையே பிடித்து வைத்தது என்றேன். ஒரு பெண் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள், அன்பாகத்தான். இரண்டு பேர் சாய்த்தார்கள். அப்பா கடைசியாகப் பிடித்த தண்ணீர் பின்கட்டுச் சிமெண்டில் பரவி, என் கால் நனைத்து, சாக்கடைக்குப் போனது.

அப்புறம் அத்தையின் கண் தொட்டிமேல் விழுந்தது.

“இதுவும் தண்ணிதான. பொணம் கெடந்த எடத்துல இத வச்சிருந்தா வீட்டுக்கு ஆகாது.”

நான் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை மனம் இளகியிருப்பார்களோ என்னவோ. நான் விளக்கினேன். குளோரின் என்றேன், இரண்டு நாள் என்றேன், மூன்றில் ஒரு பங்கு என்றேன், தண்ணீர் வெட்டு முடிந்து வந்த தண்ணீரில் அது அதிகம் என்றேன். தொட்டியை இப்படியே விடுங்கள், நான் புதுத் தண்ணீர் பிடித்து வைத்து, புதன்கிழமை கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன் என்றுகூடச் சொன்னேன். ஒரு வார்த்தை தப்பில்லை. இன்று எந்த மீன் கடையிலும் போய்க் கேட்டுப் பாருங்கள், அதைத்தான் சொல்வார்கள். அத்தை என் தலையைத் தடவி, பச்சப் புள்ள, அதிர்ச்சியில என்னமோ பேசுது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஏழு மீன்களையும் சோற்று வடிதட்டால் அள்ளித் துணி துவைக்கும் பேசினில் போட்டார்கள். தொட்டித் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை இறைத்தார்கள். ஒருத்தி ஃபில்டர் பஞ்சைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பிழிந்து, எவ்வளவு அழுக்கு பார் என்று என்னிடமே காட்டினாள். பிறகு வாசல் குழாயிலிருந்து நீண்ட ஹோஸை இழுத்துவந்து நேராகத் தொட்டிக்குள் விட்டார்கள். ஹால் முழுக்க நீச்சல் குளத்து நாற்றம் அடித்தது. தொட்டி நிறைந்ததும் அத்தை ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும் போட்டார். குழம்புக்குப் போடுகிற மாதிரி. மேலே தவுக்கேயையும் மற்ற ஆறையும் போட்டார்கள்.

எனக்கு அப்போது அந்த மருந்துப் பாட்டில் ஞாபகம் வந்தது. அடுப்படி அலமாரியில் மேல்தட்டில் இருக்கும். நாற்காலி போட்டு ஏறினேன். பாட்டில் இருந்தது, காலியாக. கவிழ்த்துத் தட்டினேன், ஒரு சொட்டு வரவில்லை. எப்போதும் ஒன்று முடிவதற்குள் அப்பா இன்னொன்று வாங்கி வைத்துவிடுவார். புதுப் பாட்டில் எங்கே என்று அலமாரியைக் கலைத்தேன், அப்பாவின் பஸ் சாமான்கள் கிடந்த டப்பாவைக் கொட்டினேன். பிறகு அறைக்கு ஓடினேன்.

அம்மா குளித்த ஈரத் தலையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த வெள்ளைப் பை. புது மருந்து எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றாள். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் தெரியாது என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். மூன்றாவது தடவை அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

“அம்மா, நீங்க வந்து சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா அத்த கேப்பாங்க. மீனெல்லாம் செத்துப்போயிரும்.”

“பெரியவங்க செய்யறத செய்யட்டும். நீ போ.”

அத்தைமேல் எனக்கு வந்தது கோபம் என்றால் அம்மாமேல் வந்ததற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும். அத்தைக்குத் தெரியாது, சரி. அம்மாவுக்குத் தெரியுமே. வாராவாரம் அடுப்படியில் நின்று கேட்டவள்தானே. ஒரு வார்த்தை, எழுந்து வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா.

பிறகு எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அவசரத்துக்கு அப்பா சில நேரம் தண்ணீரைக் குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார், காற்றுப் பட்டால் கொஞ்சம் நாற்றம் போகும் என்று. முக்காலியில் ஏறி நின்று மொண்டு மொண்டு ஊற்றினேன். கை கடுத்தது. நாலடித் தொட்டிக்கு ஒரு குவளை எந்த மூலைக்கு? மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. துடுப்புகளில் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. சின்னது ஒன்று முதலில் பக்கவாட்டில் சாய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள், பாவம், அப்பனை நினைத்துக்கொண்டு என்னவோ விளையாடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். யாரும் கிட்டே வரவில்லை. ஆண்கள் திரும்பி வந்து வாசலில் கால் கழுவும்போது ஆறு மீன்கள் மிதந்துகொண்டிருந்தன. தவுக்கே மட்டும் மூலையில் நின்றிருந்தது. அப்பாவின் பஸ் சாவி என்னிடம் இல்லை, விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டினேன். என் தட்டலுக்கு அது மேலே வந்தது அன்று மட்டும்தான். வந்தது திரும்ப உள்ளே போகவில்லை.

அத்தை ஹாலுக்கு வந்து பார்த்தார். ஒரு நிமிடம் தொட்டியையும் என் கையில் இருந்த குவளையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்வேன். அதற்குப் பிறகுதான் மார்பில் அடித்துக்கொண்டு, என் தம்பியத் தேடிப் போயிருச்சுங்களே என்று குரல் எடுத்தார். வீடு முழுக்கத் திரும்பவும் அழுகை. கழுவிவிட்ட தரையில் உட்கார்ந்து எல்லோரும் அழுதார்கள். ஐந்து நிமிடத்தில் கொலை பாசமாகிவிட்டது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்தவர்களிடம் அத்தை மறுபடியும் அதைச் சொன்னார். நான் எழுந்து நின்று, தேடிப் போகவில்லை, நீங்கள்தான் கொன்றீர்கள் என்று கத்தினேன். கன்னத்தில் அறை விழுந்தது. அத்தை அடிக்கவில்லை. அம்மா அடித்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததே இல்லை. உண்மையைச் சொன்னதற்கு அடி வாங்கினேன் என்பதை மட்டும் அன்று எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். மறுவாரம் தொட்டியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த வருடம் பதினொரு மீன் கதையைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. என் மகனுக்கும் ஏழு வயதாகிவிட்டது, அவனும் இதை நம்பிக்கொண்டு வளரப்போகிறான். அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், இன்றைக்கு நான் அத்தையிடம் எல்லோர் முன்னாலும் கேட்கப்போகிறேன், நீங்கள் வேண்டுமானால் இன்னொரு தடவை அடியுங்கள் என்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. என்னை அறைக்குள் கூப்பிட்டாள்.

அலமாரியில் புடவைகளுக்கு அடியிலிருந்து அந்த வெள்ளைப் பையை எடுத்தாள். பிளாஸ்டிக் மஞ்சளாகி மொரமொரவென்று இருந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் தானாகக் கிழிந்திருந்தது, முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. கட்டிலில் கொட்டினாள். அப்பாவின் கைக்கடிகாரம், பஸ் சாவி, மடித்த கைக்குட்டை, அப்புறம் ஒரு சின்னப் பாட்டில். மூடியில் சீல் பிரிக்கவில்லை. மீன் படம் வெளுத்துப் போயிருந்தது. அப்பா அன்று காலை மலாக்காவுக்கு எதை வாங்கப் போனார் என்று இருபது வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

“நீ வந்து கேட்டப்ப மடியிலதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில ஒவ்வொன்னா காட்டித்தான் பையில போட்டாங்க. அந்த முடிச்ச அவுக்க எனக்கு கை வரல.”

எனக்கு ஆத்திரம் வந்தது, பொய் சொல்வேனா. சில சொட்டுதானே அம்மா என்று கேட்டுவிட்டேன். அவள் பாட்டிலை எடுத்துத் திரும்பப் பையில் போட்டாள், கிழிசல் வழியாக அது விழாமல் கையை அடியில் கொடுத்து.

“உங்க அத்த சொல்றது பொய்னு எனக்குத் தெரியாதா. அதுங்க அவரத் தேடிப் போகலன்னா, அப்புறம் கொன்னது அத்த இல்ல பாப்பா. நான்தான்.”

பத்து வயதில் எனக்குத் தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. எத்தனை நாள் திறந்து வைத்தால் நாற்றம் போகும் என்று தெரியும். எதிரே உட்கார்ந்திருந்தவள் மடியில் என்ன இருந்தது என்று மட்டும் தெரியவில்லை. கருமாதியன்று நான் அத்தையைப் பார்த்துக் கத்தியது யார் மேல் போய் விழுந்தது என்றும் தெரியவில்லை.

ஹாலுக்குத் திரும்பி வந்தேன். அத்தைமேல் இருந்த கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் தூளை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அம்மா என் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றுகொண்டாள். என் மகன் அத்தையிடம், எல்லா மீனும் தாத்தாகிட்டயா போச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தான். பதினொன்னும்தான்யா என்றார் அத்தை. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

“பதினொன்னு இல்ல அத்த, ஏழு,” என்றேன். “ஏழும் போயிருச்சு. தவுக்கேதான் கடைசியா போச்சு.”